தட்டில் கிடந்த 43 காசுகள்

காவல் நிலையத்து மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்திருந்தார்கள். தட்டு நிறைய வெள்ளிக் காசுகள். ஏட்டையா அவற்றை இரண்டு முறை எண்ணி, 43 என்று தாளில் எழுதிக்கொண்டு, "இதில் உங்களுடையது எது என்று பார்த்து எடுத்து வையுங்கள்" என்றார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாமே என்னுடையவை போலவும் இருந்தன, எதுவுமே என்னுடையதில்லை போலவும் இருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய்கள் மட்டும் இருபதுக்கு மேல் கிடந்தன. ஒரே தாடி, ஒரே கிரீடம், ஒரே பூவேலை. கோடிக்கணக்கில் அடித்த காசு அது. என் அப்பாவின் ரூபாய்க்கும் வேறொருவர் வீட்டு ரூபாய்க்கும் எந்த அடையாளத்தை வைத்து வித்தியாசம் சொல்வது? சிறு வயதிலிருந்து நூறு முறை கையில் எடுத்துப் பார்த்த காசுகள்தான். ஆனால் எழுதி வைக்கவில்லை, எடை போடவில்லை, ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. அன்று அந்த மேசை முன்னால் நின்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பறிபோனதற்காக வந்த நீர் அல்ல. எதிரே இருந்தும் எடுத்துக்கொள்ள முடியவில்லையே என்று வந்தது.

சேகரிப்பு வைத்திருக்கும் ஒருவருக்காவது இது உதவட்டும் என்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அப்பா 1961ஆம் ஆண்டு மதுரை கீழ மாசி வீதியை ஒட்டிய சந்தில் மளிகைக்கடை வைத்தார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்து மொத்தமாகச் சாமான் வாங்குபவர்கள் அதிகம். மழை பொய்த்த வருடங்களில், அல்லது வீட்டில் கல்யாணம் என்றால், பானைக்குள் வைத்திருந்த வெள்ளி ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். "அண்ணாச்சி, இதை எடுத்துக்கொண்டு சாமான் கொடுங்கள்" என்பார்கள். அப்பா அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து நியாயமாகக் கணக்குப் போட்டு வாங்குவார். உருக்க மட்டும் கொடுக்க மாட்டார். வைகையில் வெள்ளம் வடிந்த பிறகு மணலைச் சலித்துக் காசு தேடுகிற ஒரு பெரியவர் இருந்தார். அவர் கொண்டுவரும் பொடிப்பொடியான செப்புக் காசுகளுக்கும் அப்பா அரிசி, பருப்பு அளந்து கொடுத்திருக்கிறார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தேய்ந்த மீன் உருவம் ஒன்றிரண்டில் தெரியும்.

கடை சாத்திய பிறகு, இரவு எட்டரைக்குச் சிட்டை, அதாவது அன்றைய வரவு செலவுக் கணக்கு, எழுத உட்காருவார். கணக்கு ஐந்து பைசா இடித்தாலும் உறங்கப் போக மாட்டார். மறுநாள் காலையில் சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் தன் காசுகளுக்கென்று ஒரு நோட்டு எழுதி வைக்கவில்லை. பிஸ்கட் டப்பா, வெற்றிலைப் பெட்டி, துணிப்பை என்று போட்டு வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். மொத்தம் அறுநூறு இருக்கலாம் என்பது என் மனக்கணக்கு.

2023 மே 5 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். முதல் நாளே, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்ப்பதற்காக வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு தல்லாகுளத்தில் என் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த இரண்டு நாட்களும் வைகையைத் தாண்டி இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்வருவது எவ்வளவு கடினம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மாலை வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது கதவின் பூட்டு உடைந்து தொங்கியது. பீரோவில் இருந்த பிஸ்கட் டப்பா போயிருந்தது. நல்ல வெள்ளியில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்துவிட்டு, செம்பும் நிக்கலும்தானே என்று விட்டுப் போயிருந்தார்கள்.

புகார் எழுதும்போது நான் எழுதிய வரி இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது: "சுமார் 200 பழைய வெள்ளிக் காசுகள், மதிப்பு சுமார் 2 லட்சம் ரூபாய்." ஒரே வரியில் இரண்டு சுமார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், பிறகு முதல் தகவல் அறிக்கையும் பதிந்தார்கள். அதில் என் சுமார் அப்படியே ஏறியது. எந்த அரசர், எந்த ஆண்டு, அடையாளம் என்ன என்று எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக் கடன் வாங்கும்போது ஒரு காப்பீட்டு பாலிசியும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீடு இன்சூரன்ஸில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் எனக்கு. இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் ஒருவர் வந்து பூட்டைப் படம் எடுத்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பாலிசியில் உள்ள இரண்டு வாசகங்களைச் சுட்டி, பணம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். முதல் முறையாக அந்த பாலிசியை நான் முழுவதும் படித்தது அன்றைக்குத்தான்.

அந்த இரண்டு வாசகங்களும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொது வடிவ வீட்டு பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஏற்பாடு செய்தது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு அது நல்ல பாலிசிதான். ஆனால் அதில் திருட்டு என்பது, அப்படிப்பட்ட விபத்து ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான். சும்மா பூட்டியிருந்த வீட்டை உடைத்துத் திருடினால் அதில் வராது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு சேர்க்க வேண்டும். இரண்டாவது வாசகம் இன்னும் முக்கியம். வெள்ளிக்கட்டி, ஆவணங்கள், காசோலை, கரன்சி ஆகியவற்றோடு நாணயங்களையும் ஒரே வரியில் சேர்த்து, பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய இவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று எழுதியிருக்கிறது. பழைய காசு என்றாலும் காசு காசுதான். வீட்டுப் பொருள் என்ற பொதுச் சொல்லுக்குள் அது அடங்காது. சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று யோசித்தேன். வாசகம் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது போய்ப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில்தான் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வேறொரு வழக்கில் பிடிபட்டவரிடமிருந்து எடுத்த காசுகள் அந்த எவர்சில்வர் தட்டில் இருந்தவை. நான் ஒன்பது காசுகளை எடுத்து வைத்தேன். அந்த ஒன்பதையும் எப்படிச் சொல்ல முடிந்தது என்பதைக் கேளுங்கள்.

ஒன்று, 1862ஆம் ஆண்டு விக்டோரியா ராணி ரூபாய். ராணியின் காதுக்குக் கீழே பிறை போல ஒரு வெட்டு, அதன் பக்கத்தில் ஊசிக்குத்து போல ஒரு புள்ளி. அந்தக் காலத்துச் சராப்புகள், அதாவது காசு மாற்றும் வணிகர்கள், வெள்ளியைச் சோதித்துப் போட்ட முத்திரை அது. சிறுவனாக இருந்தபோது, ராணி கம்மல் போட்டிருக்கிறாள் என்று நான் சொன்ன காசு. இன்னொன்று என் அப்பத்தாவின் காசுமாலையிலிருந்து பிரிந்தது. வளையம் வைத்துப் பற்றவைத்த தழும்பு அதன் உச்சியில் இருக்கும். மற்ற ஏழும் என் மகளால் கிடைத்தன. 2017இல் அவள் பள்ளிக் கண்காட்சிக்காக ஏழு காசுகளை அட்டையில் பொருத்திக் கொண்டுபோனாள். அதை என் மனைவி கைபேசியில் மிக நெருக்கமாகப் படம் எடுத்திருந்தாள். 1911 ரூபாய் ஒன்று அதில் இருந்தது. மன்னரின் அங்கியில் உள்ள யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று சலசலப்பு எழுந்து, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்களே, அந்தக் காசு. அதன் விளிம்பில் இருந்த கீறல் படத்திலும் தெரிந்தது, தட்டில் இருந்த காசிலும் தெரிந்தது. ஏட்டையா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது போதும் சார்" என்றார்.

பிறகு நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன், விற்க மாட்டேன் என்று உறுதி சொல்லி, நான்கு மாதம் கழித்து ஒன்பது காசுகளை வாங்கி வந்தேன். மீதி 34 காசுகளில் என்னுடையவை பல இருக்கும் என்று மனம் சொல்கிறது. மனம் சொல்வதை மனுவில் எழுத முடியாது.

அந்த வாரமே தடிமனான நீள நோட்டு ஒன்று வாங்கினேன். கடைக்குப் பேரேடு வாங்கும் அதே புத்தகக் கடையில், அதே சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஒரு காசு. கணினியில் எழுதலாமே என்று மகள் கேட்டாள். அதிலும் ஏற்றினோம். ஆனால் முதல் பதிவு கையால் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தேதி போட்டு, மையில் எழுதி, வரிசை எண் விடாமல் போகும் நோட்டை எந்தச் சர்வேயரும் எளிதில் தள்ளிவிட முடியாது. வியாபாரி மகனாக எனக்குத் தெரிந்த உண்மை இது.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"எண் 17. ஒரு ரூபாய். விக்டோரியா ராணி, 1862. வெள்ளி. எடை 11.52 கிராம். விட்டம் 30.5 மி.மீ. காதுக்குக் கீழே பிறை வெட்டு, 3 மி.மீ. அதற்கு இடப்புறம் ஊசிக்குத்து. பின்புறம் ஆண்டுக்குக் கீழே புள்ளி இல்லை. விளிம்பு வரிகள் ஆறு மணி இடத்தில் தேய்ந்துள்ளன. கழுவப்படவில்லை. அப்பா கடையில் வந்தது, ஆண்டு தெரியாது. 2023இல் திருட்டுப்போய் 2024இல் நீதிமன்றம் வழியாகத் திரும்பியது. படம் 17அ, 17ஆ, 17இ. இருப்பிடம்: லாக்கர், 2ஆம் பெட்டி."

புள்ளி இல்லை என்று ஏன் எழுத வேண்டும்? 1862 என்று பொறித்த ரூபாய்களை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அடித்தார்கள். ஆண்டு எண் மாறவில்லை, சிறு புள்ளிகளே மாறின. எத்தனை புள்ளி, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு வித்தியாசப்படும். வெறுமனே 1862 ரூபாய் என்று எழுதி வைத்தால், இழப்பீடு கேட்கும்போது மிகச் சாதாரண வகையின் விலையைத்தான் கொடுப்பார்கள். அதேபோல, குடியரசுக் காலக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று அடித்த நாணயச்சாலையைக் குறித்துவிட வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல நிலையில் உள்ள பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அதுதான் ஒரு தோலா. அப்பா கடையில் பழைய ஆட்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று கேட்டது இதைத்தான். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர். காசே எடைக்கல்லாக இருந்த காலம் அது. புழங்கிய காசு தேய்ந்து எடை சற்றுக் குறைவாக நிற்கும். அந்தக் குறைவே அதன் அடையாளம். கிராமில் இரண்டு தசமம் காட்டும் சிறு தராசு விலை அதிகமில்லை. நான் முதலில் தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்தேன். இருபது காசு நிறுத்தபோதே ஒன்று 9 கிராமில் நின்றது. பத்தர் அதைக் கல்லில் தட்டி ஓசை கேட்டுவிட்டு, "வார்த்த காசு" என்று தனியே வைத்தார். அப்பா ஏமாந்து வாங்கியதா, யாராவது மாற்றி வைத்ததா, தெரியவில்லை. அதற்கும் எண் கொடுத்து, போலி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

படத்துக்கு எங்கள் மாடியின் வடக்குத் தாழ்வாரம் உதவியது. காலை ஒன்பது மணி வெளிச்சம், வெயில் நேரே விழாத இடம், சாம்பல் நிறத் துணி, பக்கத்தில் ஸ்டீல் அளவுகோல். பளிச்சென்று விளக்கடித்து எடுத்தால் கீறலெல்லாம் மறைந்துவிடும், நமக்கு வேண்டியதே அந்தக் கீறல்தான். முன்புறம், பின்புறம், விளிம்பு என மூன்று படம். படத்தின் பெயரும் நோட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நாள் ஒன்றுக்குப் பதினைந்து காசுக்கு மேல் முடியவில்லை. ஆடி மாதம் தொடங்கி மார்கழியில்தான் முடித்தோம்.

எல்லாக் காசுக்கும் தனிப் பக்கம் தேவையில்லை. தாமரை போட்ட 20 பைசா எங்கள் வீட்டில் 108 இருக்கிறது, வெள்ளிக்கிழமை லட்சுமி பூஜைக்கு. நடுவில் துளையிட்ட காலணா ஒரு படி இருக்கிறது. இவற்றையெல்லாம் எண்ணிக்கை, மொத்த எடை, பரப்பி வைத்து ஒரு படம் என்று ஒரே தொகுதியாக எழுதிவிட்டேன். இப்போது 212 தனிப் பதிவுகள், 14 தொகுதிகள்.

துலக்குவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் அத்தை ஓர் ஆயுத பூஜைக்கு முன்னால், பாத்திரத்தோடு சேர்த்து முப்பது செப்புக் காசுகளைப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். அன்புடன் செய்த வேலைதான். தகதகவென்று மின்னியது. ஆனால் நூறாண்டுப் பழுப்பு நிறம் போனதோடு சேகரிப்பு மதிப்பும் போய்விட்டது. புளி, விபூதி, பல்பொடி எதுவும் காசின் பக்கம் வரக்கூடாது. மலிவான பிளாஸ்டிக் உறைகளும் ஆபத்துதான். பி.வி.சி. கலந்த உறை சில ஆண்டுகளில் பச்சைப் பிசினைக் கக்கி வெள்ளியையும் செம்பையும் அரித்துவிடும். மைலார் என்ற பாலியஸ்டர் தாள் ஒட்டிய அட்டை உறையே நல்லது. காசின் நிலை என்ன என்று நோட்டில் எழுதிய பிறகு அது கெட்டால், அது நம் பொறுப்பு. மெல்லக் கெட்டுப்போவதற்கு எந்தக் காப்பீடும் பணம் தராது.

வைகைச் செப்புக் காசுகளை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறாண்டைத் தாண்டிய காசு, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவோ அனுப்பவோ கூடாது. துபாயில் இருக்கும் என் மைத்துனர், நாலு மீன் காசு அனுப்பி வையுங்கள் என்று கேட்டபோது இதைச் சொல்லித்தான் மறுத்தேன். எப்படி வந்தது என்ற இடத்தில் எதையும் பூசி மெழுகாமல் எழுதினேன்: ஆற்று மணலில் சலித்தெடுத்தவர் அப்பாவிடம் கொடுத்தது, 1970களில். சங்ககாலப் பாண்டியரின் 'பெருவழுதி' என்று தமிழி எழுத்துப் பொறித்த சதுரச் செப்புக் காசை, தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு சொல்லும்வரை, இப்படிப்பட்ட காசுத் துண்டுகளை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. இது எங்கே கிடைத்தது என்ற ஒரு வரியை நாம் எழுதாமல் விட்டால், பிறகு யாராலும் எழுத முடியாது.

மதிப்புப் போடும்போது இரண்டு பக்கமும் சறுக்கும். வெள்ளி எடைக்கு மட்டும் விலை போட்டால் குறைந்துபோகும். இணையத்தில், இந்த ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று வருவதை நம்பினால் மோசம் போவோம். பழைய காசு, நோட்டுகளை வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. நான் செய்தது இதுதான்: ஏலங்களில் உண்மையில் விற்ற விலைகளைப் பார்த்தேன், காசு வியாபாரிகள் இருவரிடம் தனித்தனியே அவர்கள் முகவரித் தாளில் கையெழுத்தோடு மதிப்பு எழுதி வாங்கினேன், இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். 4,60,000 ரூபாய் வந்தது.

பிறகுதான் காப்பீட்டுக்குப் போனேன். பாரத் கிருஹ ரக்ஷாவிலேயே விலையுயர்ந்த பொருட்களுக்கென்று விருப்பப் பிரிவு ஒன்று உண்டு. நகை, ஓவியம், பழம்பொருள், அரும்பொருள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு தருவது அது. மொத்தம் 5 லட்சத்துக்கும், ஒரு பொருள் 1 லட்சத்துக்கும் மேல் போகாவிட்டால் மதிப்பீட்டாளர் சான்றிதழ் கட்டாயமில்லை. நான் இருந்தாலும் கொடுத்தேன். கூடவே திருட்டுக் காப்பீட்டைச் சேர்த்தேன். இரண்டிலும் 'சேகரிப்பு நாணயங்கள், இணைத்துள்ள பட்டியல்படி' என்று பாலிசி அட்டவணையிலேயே அச்சாக வேண்டும் என்று கேட்டேன். முகவர், "அதெல்லாம் அடங்கும் சார், கவலைப்படாதீர்கள்" என்றார். வாய் வார்த்தை வேண்டாம், எழுத்தில் வரட்டும் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை வந்தது. வாசகம் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

ஒப்புக்கொண்ட மதிப்பு என்பதன் அருமை, அது இல்லாத பாலிசியைப் பார்த்தால்தான் தெரியும். 4 லட்சம் பெறுமானமுள்ள பொருட்களை 1 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 1 லட்சம் பெறுமானமுள்ளவை திருட்டுப்போனால், முழு லட்சமும் வரும் என்றுதான் நாம் நினைப்போம். நாலில் ஒரு பங்குக்குத்தான் காப்பீடு செய்தீர்கள் என்று சொல்லி 25,000 தருவார்கள். வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறிய பிறகு பழைய மதிப்பிலேயே புதுப்பிப்பவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுவார்கள். திருட்டுக் காப்பீட்டில், பூட்டையோ ஜன்னலையோ உடைத்த அடையாளம் வேண்டும் என்பார்கள். வீட்டுக்கு வந்துபோகிறவர் சத்தமில்லாமல் எடுத்துப்போனால் வருமா, வீடு எத்தனை நாள் தொடர்ந்து பூட்டிக் கிடக்கலாம், கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வழியில் தொலைந்தால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லாக்கரில் வைத்துவிட்டால் காப்பீடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வாடகை 2,000 என்றால் 2 லட்சம், அவ்வளவுதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு அதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, ஆகவே அங்கேயும் நம் நோட்டுதான் சாட்சி.

அந்த நோட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழை காட்டியது. செல்லூரில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே இருக்கும் நண்பர் ஒருவர் என்னைவிட ஒழுங்கானவர், முப்பது வருடமாகக் காசுக்குக் காசு சீட்டு எழுதி அதே பெட்டியில் வைத்திருந்தார். காசுகள் சேற்றைக் கழுவியதும் பிழைத்துக்கொண்டன. மை கரைந்து சீட்டு அத்தனையும் கூழாகிவிட்டது. நான் மறுநாளே என் நோட்டை முழுவதும் படம் எடுத்து, ஒரு நகலைத் திருமங்கலத்தில் இருக்கும் தங்கை வீட்டிலும், இன்னொன்றை மின்னஞ்சலிலும் போட்டு வைத்தேன். உறை அட்டைகளில் இப்போது பென்சிலால்தான் எழுதுகிறோம். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. நகல் எதிலும் வீட்டு முகவரி இல்லை.

நோட்டின் கடைசி நாற்பது பக்கங்களை, போன காசுகளுக்காக விட்டு வைத்திருக்கிறேன். நினைவில் உள்ளதை மட்டும் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் எடை என்ற இடம் காலி, படம் என்ற இடமும் காலி.

சென்ற தை மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, அப்பாவின் பழைய சிட்டைகள் பத்தொன்பது கிடைத்தன. 1968ஆம் ஆண்டுச் சிட்டையைச் சும்மா புரட்டியபோது, மல்லி, மிளகாய் வரவுக்கு நடுவில் ஒரு வரி: "மேலூர் வண்டிக்காரர், வெ.ரூ. 3, ராணி 1, ராசா 2, ராணிக்கு மூக்கில் வெட்டு." அப்பா எழுதித்தான் வைத்திருக்கிறார். அன்றன்றைய கொள்முதலோடு கொள்முதலாக, நாள் கணக்கிலேயே எழுதியிருக்கிறார். மூக்கில் வெட்டுப்பட்ட ராணியை நான் தட்டில் பார்த்தேனா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த 34 காசுகளும் இன்னும் நீதிமன்றப் பொறுப்பில்தான் இருக்கின்றன. சிட்டையைக் காட்டி இன்னொரு மனுப் போடலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். ஆறு சிட்டைகள் பார்த்து முடித்திருக்கிறேன், பதினொரு வரிகள் கிடைத்திருக்கின்றன. கடை சாத்தியதும் இரவு எட்டரைக்கு மகள் விளக்கைப் பிடித்துக்கொள்ள, நான் ஏழாவது சிட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.